விந்தணுவும் இல்லை, ஃபிரக்டோஸும் இல்லை: அடுத்து எந்தச் சோதனை?

லேப், சிறுநீரகவியல் நண்பர்களே, ஒரு ரிப்போர்ட்டுக்கு வழி சொல்லுங்கள். வயது 31. மூன்று நாள் இடைவெளி விட்டு எடுத்த விந்து 0.7 மி.லி. மட்டுமே, பி.எச். (அமில-கார அளவு) 6.6, ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பார்த்தும் விந்தணு இல்லை. மாதிரி சிந்தவில்லை. இரண்டாம் முறையும் இதே.

விந்து நீரின் பெரும்பங்கு, காரத்தன்மை, ஃபிரக்டோஸ் எல்லாம் விந்துப்பை தருபவை. புரோஸ்டேட் சுரப்பியின் அமில நீர் மட்டும் வருகிறதென்றால் வெளியேற்றும் குழாயில் அடைப்பு, அல்லது விரையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லை. விரை அளவும், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் இயல்புதான்; விந்தணு உற்பத்தி நடக்கிறது என்றே படுகிறது.

விந்துக்குழாய் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று இதுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அதுதான் வருத்தம். ஆசனவாய் வழி ஸ்கேனுக்கு முன் அதைக் கேட்கலாம்தானே? குழாய் இல்லையென்றால் சி.எஃப்.டி.ஆர். மரபணுச் சோதனை (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணு; இதன் பிழையால் விந்துக்குழாய் இல்லாமல் போகலாம், இருவருக்கும் பிழை இருந்தால் குழந்தைக்கு அந்த நோய் வரலாம்), மனைவிக்கும் சேர்த்து, மதுரைப் பக்கம் எங்கே செய்கிறார்கள்?