காரத்திலேயே கழலும் ஹைட்ராக்சில், சாதாரண ஆல்கஹாலில் ஏன் அசைவதில்லை?

குழம்பிய குடுவை:
ஆல்டால் வினையில் (இரண்டு கார்பனைல், அதாவது C=O, சேர்மங்கள் இணைவது) சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சூடாக்கினாலே நீர் நீங்கி இரட்டைப் பிணைப்பு வந்துவிடுகிறது. சைக்ளோஹெக்சனாலை அதே காரத்தில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் ஒன்றும் ஆகாது, அமிலம்தான் வேண்டும். இரண்டிலும் போவது அதே ஹைட்ராக்சில் (OH) தானே? இன்னொன்று, 3,3-டைமெத்தில்பியூட்டன்-2-ஆலை அமிலத்தோடு சூடாக்கினேன். எதிர்பார்த்த 3,3-டைமெத்தில்பியூட்-1-ஈன் பேருக்குத்தான் வந்தது, பெரும்பகுதி வேறு ஏதோ. எங்கே தப்பு?

வெள்ளைக்கோட்டு:
ஹைட்ராக்சைடு தானாகக் கிளம்பாது, அது வலிமையான காரம். அமிலத்தில் புரோட்டான் ஏறியபின் நீராகக் கிளம்புகிறது, நீர் மிகப் பலவீனமான காரம், அதனால் சுலபம். ஆல்டாலில் கதை வேறு. கார்பனைலுக்குப் பக்கத்து ஹைட்ரஜனைக் காரம் முதலில் எடுத்து ஈனோலேட் என்ற எதிர்மின் அயனி ஆக்கிவிடுகிறது, அந்த எலக்ட்ரான்கள் திரும்பி வந்து ஹைட்ராக்சைடைத் தள்ளிவிடுகின்றன, கிடைப்பது கார்பனைலோடு இணைந்த இரட்டைப் பிணைப்பு என்பதால் வினைக்கும் லாபம். சைக்ளோஹெக்சனாலில் அப்படித் தள்ள யாருமில்லை.
உங்கள் இரண்டாவது கேள்வியில் கைத்தப்பு எதுவும் இல்லை. நீர் போனதும் மிஞ்சுவது ஈரிணைய கார்போகேட்டயான் (இரண்டு கார்பன்களோடு இணைந்த நேர்மின் கார்பன்), பக்கத்துக் கார்பனிலேயே மூன்று மெத்தில். ஒன்று தாவினால் இன்னும் நிலையான மூவிணையமாகிவிடும், தாவாமல் இருக்குமா? உங்கள் குடுவையில் இருப்பது பெரும்பாலும் 2,3-டைமெத்தில்பியூட்-2-ஈன்.

பழைய ரசாயனம்:
கார்போகேட்டயானே வராத வழிக்குப் போங்கள். சுகாயெவ் முறை: ஆல்கஹாலைக் கார்பன் டைசல்பைடு, காரம், மெத்தில் அயோடைடு கொண்டு சாந்தேட்டாக்கி, அதைச் சூடாக்கினால் ஆறணு வளைய நிலை வழியாக ஹைட்ரஜன் நேராகக் கந்தகத்துக்குப் போய்விடும். கார்பன் எலும்புக்கூடு கலையாது, நீங்கள் தேடிய ஆல்கீன் இதில் கிடைக்கும். நீங்கும் ஹைட்ரஜனும் சாந்தேட்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், வளையச் சேர்மங்களில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றமடிக்கும் மெத்தேன்தயால் வேறு வெளியேறும், புகைக்கூண்டுக்குள் வைக்காவிட்டால் மொத்தக் கட்டடமும் உங்களைத் தேடி வரும்.

சிலிக்கான் பிரியன்:
ஹைட்ராக்சிலுக்கு அடுத்த கார்பனில் சிலிக்கான் இருந்தால் பீட்டர்சன் முறையையும் படியுங்கள். ஒரே சேர்மம்தான், அமிலத்தில் எதிர்ப்பக்க நீக்கம், பொட்டாசியம் ஹைட்ரைடு போன்ற காரத்தில் ஒரே பக்க நீக்கம். எனவே சிஸ் வேண்டுமா, டிரான்ஸ் வேண்டுமா என்பதை நீங்கள் சேர்ப்பது அமிலமா, காரமா என்பதே தீர்மானிக்கும். ஆனால் தொடக்கச் சேர்மத்தின் இரண்டு முப்பரிமாண வடிவத்தையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும், அதுதான் தலைவலி.

குழம்பிய குடுவை:
சரி, சாந்தேட்டே முயல்கிறேன். கார்பன் டைசல்பைடை நினைத்தால்தான் பயம்.

பழைய ரசாயனம்:
பயப்படுவது நல்லது. அது பற்றத் தீப்பொறியே தேவையில்லை, ஏறத்தாழ 90 டிகிரியிலேயே தானாகப் பற்றும். சூடான தட்டு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.