உள் இணைப்பு இருந்தும் சர்வர்களுக்கு இடையிலான தரவு வெளியே போகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஒரே ரேக்கில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் செயலி ஓடுகிறது. மற்றதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் காப்புநகல்களும் உள்ளன. இரண்டிலும் ஈத்0 என்ற வலையமைப்பு அட்டை இணையத்துக்கு, 100 மெகாபிட் வேகம். ஈத்1 என்ற இன்னோர் அட்டை இரண்டையும் நேரடியாக இணைக்கிறது, 1 கிகாபிட், முகவரிகள் 10.0.0.1 (செயலி), 10.0.0.2 (தரவுத்தளம்). பிங் தடையில்லாமல் போகிறது. ஆனாலும் இரவில் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) 40 ஜிபி அனுப்ப ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஈத்0-இன் தரவுக் கணக்குதான் ஏறுகிறது. ஈத்1 அசையவே இல்லை. மாதத் தரவு வரம்பு இதிலேயே கரைந்துவிடுகிறது. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

மறுமொழி 1:
கேபிள்மேல் பழி வேண்டாம். ஆர்சிங்க்குக்குக் கொடுத்திருப்பது சர்வரின் பெயரா, எண் முகவரியா? பெயர் என்றால், அது டிஎன்எஸ்ஸில் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) எந்த முகவரியைக் காட்டுகிறது?

கேட்டவர்:
பெயர்தான். 203.0.113.20 என்ற பொது முகவரியைக் காட்டுகிறது.

மறுமொழி 1:
அங்கேதான் சிக்கல். எந்த அட்டை வழியாக அனுப்புவது என்பதைச் சேருமிட முகவரியை வைத்தே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முடிவு செய்கிறது. இரு முகவரிகளும் ஒரே இயந்திரம்தான் என்பது அதற்குத் தெரியாது. ‘ஐபி ரூட் கெட்’ ஆணையை இரண்டு முகவரிகளுக்கும் கொடுத்துப் பாருங்கள்: பொது முகவரிக்கு ஈத்0, 10.0.0.2-க்கு ஈத்1 என்று வரும்.

செயலி சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (அந்த இயந்திரத்துக்கே உரிய பெயர்-முகவரிப் பட்டியல்) 10.0.0.2 என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அமைப்புகளில் பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போடும் வழியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் அப்படியே இருந்தால் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழும் பொருந்தும், நாளை முகவரி மாறினாலும் ஒரு வரியைத் திருத்தினால் போதும். சர்வர்கள் பெருகும்போது உள்ளுக்கென்று தனி டிஎன்எஸ் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
சேர்த்துவிட்டேன். ஆனால் பெயரின் முகவரியைக் கேட்கும் ‘டிக்’ ஆணை இன்னும் பழைய முகவரியையே காட்டுகிறதே?

மறுமொழி 2:
பலரும் தடுமாறும் இடம் இது. டிக் நேராக டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும்; ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்று பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். நிரல்கள் பொதுவாகக் காணும் விடை அதுதான். செயலியையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்; ஏற்கெனவே திறந்த இணைப்புகள் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: ஈத்1-க்கு இயல்புநிலை கேட்வே (வெளியே போகும் வாசல்) எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் வெளியே போக வேண்டியதும் உள்ளே வந்து முட்டி நிற்கும்.

கேட்டவர்:
கெட்என்ட் 10.0.0.2 காட்டுகிறது. ஆர்சிங்க் ஏழு நிமிடத்தில் முடிந்தது! ஆனால் தரவுத்தளம் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்கிறது.

மறுமொழி 1:
போஸ்ட்கிரெஸ் பொது முகவரியில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் அமைப்புக் கோப்பில், கேட்கும் முகவரிகளுக்கான வரியில் 10.0.0.2 போடுங்கள். பொது முகவரியை அங்கிருந்து எடுத்தே விடுங்கள். அனுமதிக் கோப்பில் 10.0.0.1-க்கு ஒரு வரி வேண்டும். கேட்கும் முகவரியை மாற்றினால் அமைப்புக் கோப்பை மறு ஏற்றம் செய்வது போதாது, போஸ்ட்கிரெஸ்ஸையே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

கேட்டவர்:
வேலை செய்கிறது. ஈத்1 கணக்கு ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். இத்தனை நாளும் தரவுத்தளத்தின் 5432 துறை (போர்ட்) இணையத்தை நோக்கித் திறந்தே கிடந்திருக்கிறது என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. ஃபயர்வாலில் ஈத்0 பக்கம் அதை அடைத்துவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.