அம்மாயிக்கு 75: கப்பலா, ஏற்காடா?

குழு: சேலம் செவ்வாய்ப்பேட்டை வீடு

வெள்ளி, இரவு

செந்தில்: அம்மாயிக்கு ஆவணியில் 75. மண்டபம் பிடித்து, இலை போட்டு, சாப்பிட்ட கையோடு ஆளுக்கொரு பக்கம் கிளம்புகிற விழா இந்த முறை வேண்டாம். எல்லோருமாகக் கப்பலில் போனால் என்ன? 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் கொடியசைத்துச் சொகுசுக் கப்பலை அனுப்பினாரே, அப்போதிலிருந்தே எனக்கு ஆசை. ஐந்து ரோட்டில் ஒரு டிராவல்ஸ்காரர் இந்த நோட்டீஸைக் கொடுத்தார்.

செந்தில்: (படம்)

பெரிய மாமா: பரவாயில்லையே. நம் பதினைந்து பேருக்குப் பெருக்கிப் பார்த்தேன். மண்டபம், சமையல், பந்தல் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கவிதா: மாமா, இப்போதே பெருக்காதீங்க. தொகைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "முதல்" என்று இருக்கிறதா?

பெரிய மாமா: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

கவிதா: அதுதான் விஷயம். ஜன்னலே இல்லாத உள் அறை, அதில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகிற தொகை அது. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் எல்லாம் தனி. போன வருடம் நாங்கள் நால்வரும் போனபோது நோட்டீஸில் இருந்த தொகைக்கு மேல் கால் பங்கு ஏறியது. அதுவும் கப்பலில் ஏறுவதற்கு முன்பே.

செந்தில்: அக்கா, நீ போய் வந்த கதையை இதுவரை சொல்லவே இல்லையே. போட்டோ மட்டும்தான் போட்டாய்.

கவிதா: போட்டோ நன்றாக இருந்தது, அதனால் போட்டேன். பில் போட்டோ போடவில்லை.

கவிதா: உன் மருமகன் செய்த வேலையைக் கேள். கப்பலில் பணம் கையில் வாங்க மாட்டார்கள். அறைச் சாவியாக ஒரு அட்டை தருவார்கள், அதைத்தான் எல்லாவற்றுக்கும் நீட்ட வேண்டும். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. இவன் வீடியோ கேம் அறையில் இரண்டு நாளும் அதைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறான். "காசு கேட்கவே இல்லைம்மா, ஃப்ரீ" என்றான். கடைசி நாள் காலையில் கதவுக்கடியில் பில் வந்தது. உங்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏறியவுடனே வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகள் அட்டையில் செலவுக்குத் தடை போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள். எனக்கு அது இறங்கும்போதுதான் தெரிந்தது.

அம்மா: குழந்தையை ஏன் குழுவில் வைத்துத் திட்டுகிறாய்.

சித்தி: எதற்குக் கண்ணு இவ்வளவு வம்பு? ஏற்காட்டுக்கு வாருங்கள். நாகலூரில் வீடு சும்மாதான் இருக்கிறது. ஆவணியில் பனி இறங்கும், கூட்டம் இருக்காது. ஏரியில் போட் இருக்கிறது. அம்மாவுக்கு அது போதும்.

பெரிய மாமா: ஏற்காட்டு ஏரியும் கடலும் ஒன்றா?

சித்தி: அதில் மூழ்கினாலாவது எழுந்து நின்றுகொள்ளலாம்.

பெரிய மாமா: அதைக் கேட்கத்தான் நினைத்தேன். கப்பலுக்கு ஏதாவது ஆனால்?

செந்தில்: மாமா, ஏறும் நாளிலேயே பயிற்சி உண்டு. ஏழு சின்ன ஊதல், கடைசியாக ஒரு நீண்ட ஊதல். அது கேட்டால் அவரவருக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதற்கப்புறம்தான் கிளம்புவதற்கு முன்பே நடத்த வேண்டும் என்று ஆனது.

கவிதா: அந்த நேரத்தில் பஃபே வரிசையில் நிற்காதீங்க மாமா. முதலில் பயிற்சி, அப்புறம் பஜ்ஜி.

சனி, காலை

அம்மா: (காலை வணக்கம் படம்)

திவ்யா: ராத்திரி பாப்பா தூங்கவில்லை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணி, பாப்பாவுக்கு இப்போது 3 மாதம். கைக்குழந்தையை ஏற்றுவார்களா?

கவிதா: பெரும்பாலான கம்பெனிகள் 6 மாதம் முடிந்தால்தான் ஏற்றும். பாப்பாவுக்கு ஆவணி கடைசியில்தான் 6 முடியும், அதனால் தேதியை நெருக்கிப் பிடிக்கக் கூடாது. கப்பல் கிளம்பும் தேதியில் எத்தனை மாதம் என்பதுதான் கணக்கு. கர்ப்பிணி என்றால் 24 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். உன் நாத்தனாரையும் கூப்பிடுவதாகச் சொன்னாயே, அவளிடம் இப்போதே சொல்லிவிடு. இன்னொன்று, டயாபர் போடும் குழந்தைகளை நீச்சல் குளத்தில் இறக்க விடுவதில்லை. நீச்சலுடை வாங்கி வைக்காதே.

திவ்யா: வாங்கிவிட்டேன்.

பெரிய மாமா: அப்படியானால் தீபாவளி லீவுக்குத் தள்ளிவிடலாமே. பாப்பாவுக்கும் வயதாகிவிடும், பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை.

கவிதா: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம் மாமா. வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் வந்தால் கப்பல் பாதை மாறும், ஒரு ஊரில் நிற்காமலே திரும்பிவிடும். அப்படி விட்டுப்போன ஊருக்கு முழுப் பணம் திரும்பாது. டிக்கெட் விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள்.

அம்மா: ஆடியிலும் வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகையை விட்டு நான் எங்கேயும் வர மாட்டேன்.

செந்தில்: சரி, ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசி முதல் வாரம். சென்னைக் கப்பல் வேண்டாம் என்றால் சிங்கப்பூர் போகலாமா? அங்கிருந்து பெரிய பெரிய கப்பல் கிளம்புகிறது.

கவிதா: ஆசை யாருக்குத்தான் இல்லை? அம்மாயிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா? மாமாவுடையது திரும்பி வரும் நாளிலிருந்து இன்னும் 6 மாதத்துக்குச் செல்லுமா? சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய் மறுபடி சிங்கப்பூருக்கே வரும், அதனால் ஒரு முறை நுழையும் விசா போதாது. பதினைந்து பேருக்கு இதையெல்லாம் ஓடி ஓடி எடுக்க யார் தயார்? உள்நாட்டுக்குள்ளேயே சுற்றி வரும் கப்பல் என்றால் ஆதார் போதும். இலங்கையில் நிற்கும் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். டிராவல்ஸ்காரரிடம் முதல் கேள்வியே எந்த ஊரில் நிற்கும் என்பதுதான்.

செந்தில்: புரிகிறது, உள்நாடு.

சித்தி: ஏற்காட்டுக்கு ஆதாரும் வேண்டாம்.

சனி, மதியம்

பெரிய மாமா: கவிதா, உள் அறையே போடலாம் கண்ணு. தூங்கத்தானே அறை. நால்வருக்கு ஒரு அறை என்றால் இன்னும் மிச்சம்.

கவிதா: மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும், உண்மைதான். ஆனால் அவர்களுக்கு உள்ள கட்டில் சுவரிலிருந்து மடக்கி இறக்குவது, ரயிலில் மேல் பெர்த் மாதிரி. ஏணியில் ஏற வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே சண்டை போட்டார்கள். உங்கள் முட்டிக்கு அது ஆகாது.

கவிதா: அம்மாயி அறையை முதலில் முடிவு செய்வோம், மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வயிறு என்ன ஆகும்? நடுச் சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? கப்பலும் அப்படித்தான். முன்னாலும் பின்னாலும், உயரத்திலும் ஆட்டம் அதிகம். நடுவில், கீழ்த் தளத்தில் குறைவு. மொட்டைமாடி மாதிரி உயரத்தில் பால்கனி என்று அதிகப் பணம் வாங்குவார்கள், வாந்தி வருகிறவர்களுக்கு அது வீண்.

கவிதா: அம்மாயிக்கு ஜன்னல் கண்டிப்பாக வேண்டும். உள் அறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. காலை 4 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்காருகிறவரை அந்த இருட்டில் போட்டு வைக்க முடியாது. லிப்டுக்கு அருகில் கேட்போம். ஆனால் ஒட்டினாற்போல் வேண்டாம், இரவெல்லாம் சத்தம்.

திவ்யா: அப்பத்தாவுக்குச் சக்கர நாற்காலி?

கவிதா: பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், ஏறும் அன்று கேட்டால் கிடைக்காது. நாற்காலி உள்ளே போகிற அளவு வாசல் உள்ள அறைகள் கப்பலுக்குக் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரண அறையில் குளியலறை வாசலில் ஒரு படி உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். நானே இரண்டு முறை இடறினேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நிறுத்திவிட்டுச் சின்னப் படகில் இறக்குவார்கள். நம் அம்மாயிக்கு அது முடியாது. அப்படியான ஊர் வந்தால் ஒருவர் அவரோடு கப்பலிலேயே இருக்க வேண்டும். யார் என்று இப்போதே பேசிவிடுவோம், அங்கே போய் முகத்தைத் தூக்காமல்.

பெரிய மாமா: நான் இருக்கிறேன். எனக்கும் ஊர் சுற்றப் பிடிக்காது.

திவ்யா: அப்பா, பஃபே திறந்திருக்கும் என்பதற்காகத்தானே?

செந்தில்: டிராவல்ஸ்காரர் சொல்கிறார், அறை எண்ணைக் கப்பல் கம்பெனியே பின்னால் ஒதுக்கினால் விலை குறைவாம்.

கவிதா: எங்களையும் அப்படித்தான் மாட்டிவிட்டார் நாங்கள் போன ஆள். இரண்டு அறை, இரண்டு வெவ்வேறு தளம். இரவு ஒரு மணிக்குச் சின்னவளுக்கு வயிற்று வலி, நான் நைட்டியோடு மூன்று மாடி ஏறி அவளைப் பார்க்க ஓடினேன். தனி ஆளுக்கு அந்தக் குறைந்த விலை நல்லது. கைக்குழந்தையும் 75 வயதும் இருக்கிற குடும்பத்துக்கு வேண்டாம். மொத்தத் தொகை, வரி, தளம், அறை எண், ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், எல்லாம் எழுத்தில் வாங்கு. வாயால் சொல்வதை நம்பாதே.

சனி, இரவு

பெரிய மாமா: சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போட்டுவிடலாம். விடிவதற்குள் இறங்கிவிடுவோம். கப்பல் சாயங்காலம்தானே.

கவிதா: ரயில் தாமதமானால் கப்பல் நிற்காது மாமா. சாயங்காலம் கிளம்பும் கப்பலுக்கு ஏறும் வாசலை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். முதல் நாளே போய் ஆவடியில் சித்தப்பா தம்பி வீட்டில் தங்குவோம். அம்மாயியும் ஒரு இரவு நன்றாகத் தூங்கட்டும். நடுவழியில் இறங்கும் ஊரிலும் அப்படித்தான், சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும்.

பெரிய மாமா: சரி. நான் சின்னக் கெட்டில் எடுத்து வருகிறேன். சித்தி வீட்டுக் காப்பிப் பொடி இருந்தால் எனக்குக் கவலையில்லை.

கவிதா: கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றையும் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். தீப் பயம். பொடியை எடுத்து வாருங்கள், வெந்நீர் அங்கே கிடைக்கும்.

அம்மா: புளிசாதம் கட்டிக்கொள்கிறேன். இரண்டு நாள் தாங்கும்.

கவிதா: வீட்டில் சமைத்தது கூடாது அம்மா. தட்டுவடை, முறுக்கு என்றால் சீல் பிரிக்காத பாக்கெட்டாக வாங்கு. மாம்பழம் வேண்டவே வேண்டாம், அப்போது சீசனும் முடிந்திருக்கும். சைவம் கிடைக்கும், அம்மாயிக்குக் காரமில்லாமல் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதச் சொல்கிறேன்.

கவிதா: மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாதீங்க. பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர இரவாகிவிடும். பிபி, சுகர் மாத்திரை, டாக்டர் சீட்டு, பாப்பா பால் பவுடர், ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில். மாத்திரை மூன்று நாளுக்கு அதிகமாகவே இருக்கட்டும். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் கட்டணம் உண்டு. வீட்டு மருத்துவக் காப்பீடு கடலில் செல்லுமா என்று அவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். செந்தில், அது உன் வேலை.

செந்தில்: சரிக்கா. போன்?

கவிதா: கரை மறைந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடு. கப்பலின் சாட்டிலைட் டவரில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் வரும். வைஃபை தனிக் காசு. நாங்கள் தினம் ஒரு மணிக்கு ஒரே படிக்கட்டுப் பக்கம் கூடுவது என்று வைத்துக்கொண்டோம். பழைய திருவிழாக் கூட்டத்தில் "தேர்முட்டியில் நில்" என்பார்களே, அதுதான்.

திவ்யா: வாந்திக்கு?

கவிதா: வெறும் வயிற்றில் இருக்காதே. தொடுவானத்தைப் பார். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன் போட வேண்டும், அப்புறம் போட்டால் பயன் குறைவு. அம்மாயிக்கு எந்த மாத்திரை ஆகும் என்று அவருடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை அது.

ஞாயிறு, காலை

சித்தி: அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கல்யாணமாகி வந்த புதிதில் பூலாம்பட்டியில் பரிசல் ஏறியதுதான் எனக்குத் தெரிந்த பயணம். உங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காவிரி கடலில் போய்ச் சேரும் இடம் கப்பலிலிருந்து தெரியுமா?"

கவிதா: தெரியாது சித்தி. அவ்வளவு தூரத்தில் கரையே தெரியாது. அப்படியே சொல்லிவிடுங்கள்.

சித்தி: சொன்னேன். "தெரியாவிட்டால் போகட்டும், ஜன்னல் உள்ள அறைதானே?" என்கிறார்.

பெரிய மாமா: முடிந்தது கதை. கப்பல்தான்.

சித்தி: திரும்பி வந்து நாகலூரில் இரண்டு நாள். அதற்குச் சம்மதித்தால்தான் நான் கப்பலுக்கு வருவேன்.

செந்தில்: சம்மதம் சித்தி.

கவிதா: நாளைக்கே விசாரிக்கிறேன். எல்லோரும் ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எழுதி எனக்குத் தனியாக அனுப்புங்கள். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, அப்பா பெயர் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். டிக்கெட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் வாசலில் நிற்க வைப்பார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதாதீங்க, மாமா.

சித்தி: (படம்)

பெரிய மாமா: இதென்ன, அம்மா ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது? ஆவணி எங்கே போயிற்று? வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன், 71தான் வருகிறது. அப்படியானால் நான் பிறக்கும்போது அம்மாவுக்கு 14 வயதா?

திவ்யா: அப்பா, உங்கள் ஆதாரையும் ஒரு முறை பாருங்கள்.

செந்தில்: சித்தி, ஆதார் படத்தைக் குழுவில் போடாதீங்க! உடனே அழியுங்கள். அக்காவுக்குத் தனியாக அனுப்புங்கள். பயணத்துக்கு ஆதாரில் உள்ள தேதியையே எழுதுவோம், கேக்கில் 75 போடுவோம்.

சித்தி: எப்படிக் கண்ணு அழிப்பது?

செந்தில்: படத்தை அழுத்திப் பிடியுங்கள். "எல்லோருக்கும் நீக்கு" என்று வரும்.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.