ஸ்பாம்ஹவுஸ் சேர்த்ததும் நல்ல மெயிலும் திரும்பிப் போகிறது (போஸ்ட்ஃபிக்ஸ்)

ரோஸ்ஹில்_அட்மின்:
வணக்கம். மொரிஷியஸில் சங்க அலுவலகத்து மெயில் சர்வர். டெபியன் 12, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் வாங்கி அனுப்பும் மென்பொருள்), ஆர்ஸ்பாம்டி (ஸ்பாம் வடிகட்டி), 60 பயனர்கள். போலி இன்வாய்ஸ் தொல்லை தாங்காமல் நேற்று ‘ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையண்ட்’ வரியில் ஸ்பாம்ஹவுஸ் ஜென்னை (ஸ்பாம் ஐபிகளின் பட்டியல்) சேர்த்தோம். அதிலிருந்து ஜிமெயில், ரெயூனியன் வியாபாரிகள் என்று வெளியிலிருந்து வருவது எல்லாமே 554 (நிரந்தர மறுப்பு) வாங்கித் திரும்புகிறது. தைப்பூசக் காவடி வேலை நடக்கிற சமயம். உதவுங்கள்.

கத்ர்போர்ன்_நெட்:
முதலில் மெயின்.சிஎஃப்-இல் ‘சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ்’ போட்டு ரீலோட் செய்யுங்கள். 5-இல் தொடங்கும் மறுப்புகள் 4-ஆக மாறும். மெயில் அனுப்புகிறவரின் வரிசையிலேயே நின்று மறுபடி வரும். ஏற்கெனவே 554 வாங்கியவை தானாக வராது, முக்கியமானவர்களைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். லாக்கில் மறுப்பு வரியின் கடைசியில் என்ன இருக்கிறது? ரிசால்வ்.கான்ஃப்-இல் எந்த நேம்சர்வர்?

ரோஸ்ஹில்_அட்மின்:
‘எரர்: ஓப்பன் ரிசால்வர்’ என்று இருக்கிறது. நேம்சர்வர் 8.8.8.8.

கத்ர்போர்ன்_நெட்:
அதேதான். 8.8.8.8 கூகுளின் பொது ரிசால்வர், அதாவது யாரும் பயன்படுத்தக்கூடிய டிஎன்எஸ் தேடல் சர்வர். அப்படிப்பட்டவை வழியாக வரும் கேள்விகளை ஸ்பாம்ஹவுஸ் ஏற்பதில்லை. எந்த ஐபியைக் கேட்டாலும் 127.255.255.254 என்று பதில் தரும். நீங்கள் எழுதிய வரிக்கு எந்தப் பதில் வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறது’ என்றே அர்த்தம். அதனால் எல்லாரும் ஸ்பாமர் ஆகிவிட்டார்கள்.

அதே சர்வரில் சொந்த ரிசால்வராக அன்பவுண்ட் நிறுவுங்கள். கேள்வியை வேறு ரிசால்வருக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் எதுவும் வேண்டாம். ஒன்று வைத்தாலும் பழைய கதைதான். ரிசால்வ்.கான்ஃப்-இல் 127.0.0.1 மட்டும் இருக்கட்டும், டிஎச்சிபி அதைத் திருப்பி எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் இடறுவது அடுத்த இடத்தில்: டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸ் குரூட்டுக்குள் (chroot, தனியாக அடைத்த கோப்புறை) ஓடுகிறது, அதற்குள் ரிசால்வ்.கான்ஃபின் தனிப் பிரதி உண்டு. ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் அந்தப் பிரதி மாறும். ஆர்ஸ்பாம்டியையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சோதனைக்கு ‘டிக்’ கட்டளையில் ஜென்னிடம் 2.0.0.127 (127.0.0.2 என்ற சோதனை ஐபி, தலைகீழாக) கேளுங்கள்: 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வர வேண்டும். 1.0.0.127-க்கு ஒன்றும் வரக்கூடாது. இதற்குப் பிறகும் 254 வந்தால் சர்வர் ஐபியின் ரிவர்ஸ் பெயரைப் பாருங்கள். இணைய நிறுவனம் வைத்த பொதுப்பெயராக இருந்தாலும் மறுப்பார்கள். கடைசியாக, ஜென் பெயரை அடுத்து ‘=127.0.0.[2..11]’ சேர்த்தால் பிழைக்குறி இனி மறுப்பாக மாறாது.

போர்ட்லூயி_மெயில்:
ஒன்று சேர்க்கிறேன். ஆர்ஸ்பாம்டியே ஸ்பாம்ஹவுஸைக் கேட்டு மதிப்பெண் போடும். 8.8.8.8 இருந்தவரை அதற்கும் பயனுள்ள பதில் வந்திருக்காது. ஸ்பாம் குவிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். என் யோசனை: நேரடி மறுப்பை எடுத்துவிட்டு ஒரு வாரம் மதிப்பெண்ணை மட்டும் நம்புங்கள். இயல்பு அளவு 4-க்கு கிரேலிஸ்ட் (தற்காலிகமாகத் தள்ளிவைப்பது), 6-க்குத் தலைப்புக் குறி, 15-க்கு மறுப்பு. நேரடி மறுப்பு வேண்டும் என்றால் அந்த வரிக்கு மேலே ‘பெர்மிட்_எஸ்ஏஎஸ்எல்_ஆதென்டிகேட்டட்’ இருக்க வேண்டும். வீட்டு இணைப்பு ஐபிகள் பல பிபிஎல்லில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகள், ஜென்னின் ஒரு பகுதி) இருப்பதால், இல்லாவிட்டால் உங்கள் ஆட்களே மெயில் அனுப்ப முடியாது.

ஆர்ஸ்பாம்டியில் மெயில்களைப் பார்த்துக் கற்கும் பகுதியான பேய்ஸுக்கு ஸ்பாம் 200, நல்லது 200 கற்றுக்கொடுத்த பிறகே அது பேசத் தொடங்கும். நல்லதில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் இருக்கட்டும். போலி இன்வாய்ஸ் பிரெஞ்சில் வருகிறது, நல்லது ஆங்கிலத்தில் மட்டும் என்றால் ரெயூனியனிலிருந்து வரும் உண்மையான இன்வாய்ஸும் மாட்டிக்கொள்ளும்.

ரோஸ்ஹில்_அட்மின்:
சோதனை சரியாக வந்தது. குரூட் பிரதியில்தான் 8.8.8.8 உட்கார்ந்திருந்தது. ரெயூனியன் மெயில்கள் வரிசையாக வருகின்றன. ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும்.

கத்ர்போர்ன்_நெட்:
நாளை காலை லாக் சுத்தமாக இருந்தால் ‘சாஃப்ட்_பவுன்ஸை’ எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், தவறான முகவரிக்கு உங்கள் ஆட்கள் அனுப்பியதும் உடனே திரும்பாமல் வரிசையில் தேங்கும்.