வாவியில் எடுக்கும் பறவைப் படம் எல்லாம் மங்கல்: பிழை லென்ஸிலா, கையிலா?

வாவிக்கரையான் (கேள்வி):
வணக்கம். பாவித்த 150–600 மி.மீ லென்ஸ், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கமரா. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எடுக்கத்தான். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பத்தில் எட்டு மங்கல். நேரம் காலை 9 தொடக்கம் 11 மணி. பாதி மட்டக்களப்பு வாவியின் கல்லடிக் கரையில் ட்ரைபொட் வைத்து எடுத்தது, பாதி எஞ்சின் போட்டில். ஷட்டர் வேகம் 1/800, துளை எஃப்/6.3, ஐ.எஸ்.ஓ ஓட்டோ. தூரம் பெரும்பாலும் நூறு மீற்றருக்கு மேல். முன்னால் யூவி ஃபில்டர் இருக்கு. வெள்ளைக் கொக்கெல்லாம் ஒரு இறகு தெரியாமல் கடதாசி வெட்டி ஒட்டின மாதிரி வருது. விற்றவர் லென்ஸில் குறை இல்லை என்கிறார். கொழும்புக்கு அனுப்பிக் காட்டுவதா? காசு செலவழிக்க முதல் கேட்கிறேன்.

உலர்பெட்டி:
அனுப்ப வேண்டாம். அதற்கு முதல் ஒரு சோதனை இருக்கு, காசு இல்லாதது.

ஃபில்டரைக் கழற்றுங்கள். அசையாத பொருள் இரண்டு பாருங்கள், வலைக்கம்போ பெயர்ப்பலகையோ: ஒன்று 20 மீற்றரில், மற்றது 150 மீற்றரில். ட்ரைபொட், 1/1000, நடுப்புள்ளி ஃபோகஸ், இரண்டு செக்கன் டைமர், லென்ஸின் அதிர்வுத் தடுப்பு நிறுத்தம். ஒவ்வொன்றையும் பத்துத் தரம் எடுங்கள். காலை 6.30க்கு ஒருக்கா, அதே இடத்தில் 10 மணிக்கு ஒருக்கா.

காலையிலேயே, 20 மீற்றரிலேயே, பத்தும் ஒரே அளவு மங்கல் என்றால் லென்ஸைச் சந்தேகப்படலாம். குறி வைத்த கம்பு மங்கி அதற்குப் பின்னால் நிற்கும் புல் கூராக இருந்தால் ஃபோகஸ் தள்ளி நிற்குது. உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கமரா (டிஎஸ்எல்ஆர்) என்றால் பெரும்பாலும் மெனுவிலேயே நுண்சீராக்கல் இருக்கும், அங்கே திருத்தலாம். எல்லாம் ஒரே திசையில் இழுபட்டால் அசைவு. ஒன்று கூர், அடுத்தது மங்கல், மூன்றாவதில் நேர்க்கம்பு நெளிந்து நிற்குது என்றால் அது கானல். உங்கள் நேரத்தையும் தூரத்தையும் பார்த்தால் கானல்தான் என்று நினைக்கிறேன்.

வெயில் ஏற ஏற, சேற்றுத் திடலையும் ஆழமில்லாத தண்ணியையும் ஒட்டி சூடான காற்று எழும்பி மேலே உள்ள காற்றோடு கலக்கும். சூட்டுக்குச் சூடு காற்றின் அடர்த்தி மாறும், அதன் ஊடாக வரும் வெளிச்சம் வளையும். இதை எந்த லென்ஸும் திருத்தாது, விலை கூடின லென்ஸ் அந்த நெளிவை இன்னும் துப்புரவாகக் காட்டும், அவ்வளவுதான். மருந்து மூன்று: 8 மணிக்கு முதல் எடுப்பது, முகில் மூடின நாளில் எடுப்பது, கிட்டப் போவது. மூன்றிலும் பலமானது கிட்டப் போவதுதான். 25 செ.மீ நீளமான கறுப்பு வெள்ளை மீன்கொத்தி 100 மீற்றரில், 600 மி.மீ லென்ஸில், சென்சரில் விழுவது ஒன்றரை மில்லிமீற்றர். 400 பிக்சலும் வராது. அதே குருவி 15 மீற்றரில் 10 மில்லிமீற்றர்.

கிட்டப் போனால் வேறு கரைச்சல் வரும். 20 மீற்றரில் 600 மி.மீ, எஃப்/6.3 என்றால் கூராக நிற்கும் ஆழம் ஒரு அடிகூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைக்காமல் செட்டையில் வைத்தால் முகம் போச்சு.

கொக்கு வெளிறுவது லென்ஸின் குற்றமே இல்லை. பின்னால் இருண்ட கண்டல் மரங்கள், நடுவில் சின்ன வெள்ளை. கமரா கண்டலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். எக்ஸ்போஷர் ஈடுகட்டலை −1 வரை இறக்குங்கள், வெளிறின இடத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைத் திரையில் போட்டு வையுங்கள். நீர்க்காகம் மினுங்கும் தண்ணிக்கு முன்னால் நின்றால் நேர் எதிர், +0.7 அல்லது +1. இரண்டும் மாறி மாறிப் பறக்கும் இடத்தில் மெனுவல்தான் நிம்மதி: காலை 7 மணி வெயிலில் 1/2000, எஃப்/6.3, ஐ.எஸ்.ஓ 400 இல் தொடங்கி கொக்குக்கு ஏற்ற மாதிரி நகர்த்துங்கள்.

படுவான்காத்து:
லென்ஸைப் பற்றி மேலே சொல்லியாச்சு. நிற்கும் இடத்தை ஒருவரும் கேட்கவில்லை. எங்கட ஊரில் அதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கு: சூரியன் எழும் கிழக்குக் கரை எழுவான்கரை, படும் மேற்குக் கரை படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில், குருவியின் முகத்தில் வெளிச்சம். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கரிநிழல். அப்போது படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்க்க வேண்டும்.

வெளிச்சம் பாதிதான், மற்றப் பாதி காற்று. பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் காலையில் கல்லடிப் பக்கம் நின்றால் வெளிச்சம் சரி, ஆனால் எழும்பும் கொக்கெல்லாம் வாலைத்தான் காட்டும். பின்னேரம் படுவான்கரையில் சூரியனும் காற்றும் சேர்ந்து முதுகில் படும், குருவி உங்களைப் பார்த்து வரும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது கணக்கு மாறும், மழை விட்ட காலையில் எழுவான்கரைதான் இடம்.

போட் விசயம். ஓடும் எஞ்சின் போட்டில் 600 மி.மீ லென்ஸை விளிம்பில் ஊன்றி எடுத்தால் எஞ்சினின் நடுக்கம் முழுக்கப் படத்தில் இருக்கும். ட்ரைபொட், மொனொபொட் இரண்டும் அதே பிழைதான். கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, 1/2000க்குக் குறையாமல் எடுங்கள். 1/800 பறக்கும் குருவிக்குப் போதாது. அதைவிட நல்லது கோல் ஊன்றிப் போகும் தோணி. சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, நேராகப் பாயாமல் சரிவாகப் போனால் குருவியும் அவ்வளவு மிரளாது.

மீன்கொத்திக்குத் துரத்தி ஓட வேண்டாம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் செட்டையடித்து நிற்கும், தலை மட்டும் அசையாது. ஃபோகஸ் பிடிக்க அந்தச் சில செக்கன் போதும். 1/1600 சரி, குத்தென்று விழும்போது 1/3200. மீன் பிடித்ததும் பெரும்பாலும் பழைய வலைக்கம்புக்கே திரும்பி வரும். அந்தக் கம்பிலிருந்து 12–15 மீற்றரில் தோணியை நிறுத்தி வைத்தால் அலைச்சல் இல்லை. மீனைக் குறுக்கே கவ்வி, கம்பில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து, பிறகு தலைப்பக்கம் உள்ளே போகத் திருப்பி விழுங்கும். மீனின் தலை வெளியே பார்க்க வைத்துக்கொண்டு பறந்தால் அது துணைக்கோ குஞ்சுக்கோ கொண்டு போகுது. பக்கத்துக் கரைமண்ணில் வளை இருக்கும். பின்னால் போக வேண்டாம்.

பொத்துவில்_நானா:
காற்றுக் கணக்கில் ஒரு திருத்தம். கச்சான் காலத்திலும் சில நாள் பின்னேரம் கடற்காற்று கிளம்பி வந்து கச்சானைத் திருப்பிவிடும். படுவான்கரைக்குப் பஸ் ஏற முதல் கரையில் நிற்கும் கொக்கைப் பாருங்கள், காற்று பலமாக இருந்தால் அது முகம் வைத்திருக்கும் திசைதான் காற்றுத் திசை.

இன்னொன்று, ஒருவரும் சொல்லாதது: முதலை. தாழ்வான கோணத்துக்காகத் தண்ணி விளிம்பில் படுக்கிறார்கள். வாவியில் உவர்நீர் முதலை இருக்கு, குளங்களில் சதுப்பு முதலை. கண்டல் ஓரம், மீன் கழிவு கொட்டும் இடம், பொழுதுபடும் நேரம் மூன்றும் சேர்ந்தால் அங்கே குந்தவே வேண்டாம். விளிம்பிலிருந்து ஏழெட்டு மீற்றர் தள்ளி, கமராவை நிலத்தோடு வைத்து, மடக்கும் திரையைப் பார்த்து எடுத்தாலும் அதே கோணம்தான் வரும். சேற்றில் ட்ரைபொட் கால் புதைந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.

அம்பாறைப் பக்கம் வந்தால் 600 எல்லா இடமும் வேண்டாம். சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில், இங்கினியாகலையில் போட் எடுத்தால், தீவுக்குத் தீவு நீந்தும் யானையைப் பார்க்கலாம். 1954 இல் அறிவித்த கல்லோயா தேசியப் பூங்கா அது. 100–400 அங்கே தாராளம். தண்ணிக்கு மேலே தும்பிக்கை நுனியும் உச்சந்தலையும் மட்டும் தெரியும், 1/1000 போதும். நீந்தும் யானைக்குக் குறுக்கே போட்டை விடச் சொல்லி ஓட்டியைக் கெஞ்சாதீர்கள். களைத்தால் அதற்கு நிற்க நிலம் இல்லை.

குமண தேசியப் பூங்காவில், பழைய பெயர் யால கிழக்கு, வில்லு என்ற சதுப்புக் குளத்தில் பறவை கூடு கட்டுவது ஏறத்தாழ ஏப்ரல் தொடக்கம் ஜூலை. கூட்டுக்குக் கிட்டப் போய்த் தாய் எழும்பினால் குஞ்சு வெயிலில் கிடக்கும், காகம் முட்டைக்கு வந்துவிடும். ஜீப்பில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஏசி போட்டுக் கண்ணாடியைத் திறந்தால் குளிரும் சூடும் ஜன்னலிலேயே கலந்து, மேலே தம்பி சொன்ன கானல் லென்ஸுக்கு முன்னாலேயே உண்டாகும். ஜன்னலில் ஊன்ற, பழைய ஜீன்ஸ் காலில் ஒன்றேகால் அடி வெட்டி, இரண்டு கிலோ பயறு போட்டு இரண்டு பக்கமும் தையுங்கள். நனைய விடாதீர்கள், முளைக்கும். புழுதிப் பாதையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். ட்ரோன் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் ஏலாது.

லகுகலையில் யானை ஏ4 வீதியோரமே நிற்கும். பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வாவிக்கரையான்:
சோதனை செய்து பார்த்தேன். 6.30க்கு இரண்டு தூரமும் கூர். 10 மணிக்கு 20 மீற்றர் சரி, 150 மீற்றரில் பத்தில் இரண்டுதான் தேறுது, மற்றதெல்லாம் கம்பு நெளியுது. லென்ஸ் தப்பியது. ஃபில்டர் போட்டு எடுத்த பத்து, 20 மீற்றரிலேயே கொஞ்சம் மங்கல். ஆனால் ஃபில்டர் இல்லாமல் உப்புக் காற்றில் கொண்டு போகப் பயமாக இருக்கு. காலையில் ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனிப்புகார் மாதிரி பிடிக்குது. அதற்கு என்ன செய்வது?

உலர்பெட்டி:
ஃபில்டருக்குப் பதில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போடுங்கள், கைவிரலையும் தூறலையும் அதுவே தடுக்கும். உப்பு பட்டால் முதலில் ஊதுகுழாயால் ஊதுங்கள், துடைக்க வேண்டாம். காய்ந்த உப்பு மணல் மாதிரி, துணியோடு இழுத்தால் கீறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியை வைத்து ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் கடைசியில்தான். ஸ்பிரிட்டில் உப்பு கரையாது, அதைத் தேய்த்துக் கொண்டிருப்பவர்கள் உப்பைத்தான் தேய்க்கிறார்கள்.

புகார் பிடிப்பது குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவதால். ஏசி அறைக்குள்ளேயே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, வெளியே கொண்டு வந்து முக்கால் மணித்தியாலம் பிரிக்காமல் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும். அதைவிடச் சுகம், கமராவை ஏசி அறையில் வைக்காமல் விடுவது.

அப்படி வெளியே வைத்தால் பூஞ்சணத்துக்குக் காவல் வேண்டும். வாய் இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, 300 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஈரமானியின் முள் 40–50 வீதத்தில் நிற்க வேண்டும், நாட்கணக்கில் 60 ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு அழைப்பு. செம்மஞ்சள் ஜெல் பச்சையானால் 120 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி போடச் சொல்வார்கள், அது மாவைத்தான் உள்ளே கொட்டும். லென்ஸோடு வரும் தோல் உறை, துணிப்பை இரண்டிலும் வைத்துப் பூட்டாதீர்கள். பாவித்த லென்ஸ் என்றபடியால் இன்றைக்கே ஒரு டோர்ச்சைப் பின்பக்கம் சரித்துப் பிடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படி இருந்தால் திருத்துநரிடம் உடனே காட்டுங்கள், லென்ஸ் கண்ணாடியின் பூச்சை அரித்த பிறகு துப்புரவாக்கினாலும் தழும்பு போகாது.

பொத்துவில்_நானா:
தோணியில் கமரா வாவிக்குள் விழுந்தால் "வேலை செய்யுதா" என்று ஒன் பண்ணிப் பார்க்காதீர்கள். பெட்டரியையும் கார்ட்டையும் அந்த இடத்திலேயே கழற்றி, வெளியை நல்ல தண்ணியில் நனைத்த துணியால் ஒற்றி, அன்றைக்கே திருத்துநரிடம் கொடுங்கள். கழுத்துவாரைத் தோணியில் கட்டி வைத்தால் இதெல்லாம் தேவைப்படாது.

வாவிக்கரையான்:
டோர்ச்சில் பார்த்தேன், நூல் ஒன்றும் இல்லை, ஓரத்தில் இரண்டு தூசு மட்டும். நாளைக்கு 6 மணிக்குத் தோணி பேசியாச்சு.