கிராண்ட் போதவில்லை, ஒன்று வெயிட்லிஸ்ட், நடுவில் லேஆஃப்: மே 1க்குள் என்ன செய்யலாம்?

எடிசன்_அம்மா

வணக்கம். மகள் 2026 ஃபாலில் கல்லூரி சேர வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கிறோம், வீட்டில் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள். மூத்தவன் மாநிலப் பல்கலையில் இரண்டாம் ஆண்டு.

தனியார் பல்கலை ஒன்றில் (அ என்று வைத்துக்கொள்வோம்) இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுச் செலவு 91,400 டாலர், கடிதத்தில் மொத்த உதவி 48,500 என்று இருக்கிறது. மாநிலப் பல்கலை (ஆ) ஆண்டுச் செலவு 38,600, அதில் மெரிட் ஸ்காலர்ஷிப்பாக 4,000 கழியும். அவள் ஆசைப்பட்ட மூன்றாவது கல்லூரி (இ) வெயிட்லிஸ்ட்டில் (காத்திருப்போர் பட்டியலில்) போட்டுவிட்டது. மே 1க்குள் ஒரு கல்லூரியை உறுதி செய்ய வேண்டும்.

கணவருக்குப் போன ஆகஸ்டில் லேஆஃப் ஆனது. ஃபாஃப்ஸாவில் (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) ஏறியிருப்பது 2024 வருமானம், அதில் இரண்டு சம்பளம் இருக்கிறது. சென்னையில் ஒரு ஃபிளாட் உண்டு. மாமனார் மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். 48,500 என்பது நல்ல உதவிதானா? அப்பீல் செய்தால் கிடைத்த சீட்டுக்கு ஆபத்து வருமா? வெயிட்லிஸ்ட்டை நம்பலாமா?

கணக்குப்புள்ளி

மேடம், அந்த 48,500ஐ வரி வரியாகப் பிரித்து இங்கே போடுங்கள். கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத பணம்), லோன், வொர்க்-ஸ்டடி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் கடிதங்கள் நிறைய. அந்த ஒரு எண்ணை நம்பி முடிவெடுக்கவே கூடாது.

எடிசன்_அம்மா

கிராண்ட் 31,000. ஃபெடரல் ஸ்டூடன்ட் லோன் 5,500. வொர்க்-ஸ்டடி 3,000. பேரன்ட் பிளஸ் (பெற்றோர் வாங்கும் ஃபெடரல் கடன்) 9,000.

கணக்குப்புள்ளி

அப்படியானால் உதவி 31,000 மட்டும்தான். 5,500 மகள் பெயரில் கடன், 9,000 உங்கள் பெயரில் கடன். வொர்க்-ஸ்டடி என்பது அவள் வேலை தேடிக்கொண்டு, மணிக்கணக்கில் உழைத்தால் சம்பளமாக வருவது. ஃபீஸ் பில்லில் அது தானாகக் கழியாது.

ஆகவே அ-வின் உண்மையான விலை 60,400. இதை நாலால் பெருக்கி 2,41,600 என்று நிறுத்திவிடாதீர்கள். செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, கிராண்ட் அதே 31,000இல் நின்றால் நான்கு ஆண்டுக்கு 2,64,127 ஆகிவிடும். ஆ-வுக்கும் அதே முறையில் போட்டால் 1,47,914. இடைவெளி 1,16,000க்கு மேல். எனவே அ-வின் எய்டு ஆபீஸிடம் மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபீஸ் ஏறினால் கிராண்டும் ஏறுமா? அதைத் தக்கவைக்க ஜிபிஏ நிபந்தனை உண்டா? வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் கிடைத்தால் முதலில் லோனைக் குறைப்பீர்களா, கிராண்டையா? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. ஊர்ச் சங்கத்தில் 2,000 டாலர் பரிசு வாங்கி வந்தால், கல்லூரி தன் கிராண்டில் அதே 2,000ஐப் பிடித்துக்கொள்வது நடக்கிற விஷயம்.

பேரன்ட் பிளஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 2026 ஜூலை 1க்குப் பிறகு புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்போல மிச்சம் முழுவதையும் அதில் தள்ள முடியாது. 2025-26க்கு வட்டி 8.94 சதவீதம், போதாக்குறைக்குக் கையில் வரும் முன்பே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துவிடுவார்கள். மகள் பெயரிலான லோனும் முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, அப்புறம் ஆண்டுக்கு 7,500 என்று கட்டுக்குள்தான் இருக்கும். அ-வைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று இப்போதே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பதில் தனியார் வங்கிக் கடன் என்றால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நதியோரம்

அப்பீல் கேள்விக்கு வருகிறேன். அப்பீல் செய்ததற்காகக் கொடுத்த சீட்டைப் பிடுங்க மாட்டார்கள். அட்மிஷன் ஆபீஸ் வேறு, எய்டு ஆபீஸ் வேறு. தயங்காமல் இந்த வாரமே எழுதுங்கள். ஏப்ரல் பாதி தாண்டினால் வரிசை நீளும், மே 1க்குள் பதில் வராது.

வேலை போனது சட்டப்படியே மறுபரிசீலனைக்கு உரிய காரணம். எய்டு அதிகாரி 2024 வருமானத்தை ஒதுக்கிவிட்டு இப்போதைய வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அவர் முடிவு, காகிதம் இல்லாமல் நடக்காது. லேஆஃப் கடிதம், கடைசி பே ஸ்டப், செவரன்ஸ் (வேலை போகும்போது கம்பெனி தரும் தொகை) விவரம், அன்எம்ப்ளாய்மென்ட் தீர்மானக் கடிதம், கோப்ரா இன்சூரன்ஸ் (வேலை போன பிறகும் சொந்தப் பணத்தில் தொடரும் கம்பெனி மருத்துவக் காப்பீடு) பில், 2025 வரித் தாக்கல், அதோடு 2026 ஜனவரி முதல் டிசம்பர் வரை எதிர்பார்க்கும் வருமானம் மாதவாரியாக ஒரு பக்கத்தில். செவரன்ஸை விட்டுவிட்டு அனுப்புவதுதான் வழக்கமான தவறு. W-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் அது தெரிந்துவிடும், அதன் பிறகு மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கடிதம் ஒரே பக்கம் போதும். 'மகளின் கனவுக் கல்லூரி' என்று பத்தி பத்தியாக எழுத வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், வருமானம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்தது, ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும், அவ்வளவுதான்.

கல்லூரி இணையதளத்தின் செலவுக் கால்குலேட்டர் காட்டும் தொகைக்கும் கடிதத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் சொத்துதான் காரணம். ஃபாஃப்ஸா நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கேட்பதில்லை, ரிடையர்மென்ட் கணக்கில் இருப்பதையும் கேட்பதில்லை. சென்னை ஃபிளாட் அப்படியல்ல. அது இரண்டாவது சொத்து, வாடகைக்கு விட்டாலும் பூட்டி வைத்தாலும் கடன் போக உள்ள மதிப்பு கணக்கில் வரும். சிஎஸ்எஸ் புரொஃபைல் (தனியார் கல்லூரிகள் பல கேட்கும் கூடுதல் உதவி விண்ணப்பம்) கேட்கும் கல்லூரிகள் குடியிருக்கும் வீட்டையும் கேட்கும். எடிசன் பக்கம் வீட்டு விலை ஏறியிருப்பதால் இங்கேதான் பலருக்கு அடி விழுகிறது. ஹார்வர்ட் போல அதைக் கணக்கில் எடுக்காத இடங்களும் உண்டு, வருமானத்தின் இத்தனை மடங்குக்கு மேல் எடுக்க மாட்டோம் என்னும் இடங்களும் உண்டு. அ கல்லூரியிடம் 'ஹோம் ஈக்விட்டியை (கடன் போக வீட்டின் மதிப்பு) எப்படிக் கணக்கிட்டீர்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். ஆன்லைன் விலையை வைத்து வீட்டு மதிப்பைத் தூக்கி எழுதியிருந்தால், நியாயமான மதிப்பைக் காட்டித் திருத்தலாம். ஃபிளாட்டில் மாமனாருக்குப் பங்கிருந்தால் உங்கள் பங்கை மட்டும் போடுங்கள்.

ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு ஃபாஃப்ஸாவில் இடமில்லை. சிஎஸ்எஸ்ஸில் விளக்கம் எழுதும் பகுதி உண்டு. பன்னிரண்டு மாத ரெமிட்டன்ஸ் ரசீதும் மருத்துவச் செலவுக் காகிதமும் இணைத்தால் சில கல்லூரிகள் பரிசீலிக்கும்.

இன்னொன்று, மூத்தவன் கல்லூரிக்கும் இதே லேஆஃப் அப்பீலை அனுப்புங்கள். 2024-25 முதல் ஃபாஃப்ஸா, இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் பெற்றோர் பங்கைப் பிரித்துப் போடுவதில்லை. சிஎஸ்எஸ் கல்லூரிகள் பல, இரண்டு பேர் படிப்பதை இன்னும் கணக்கில் பார்க்கின்றன. மகனின் சேர்க்கைச் சான்றை அ-வுக்கு அனுப்பிவிடுங்கள்.

மே_ஒன்று

வெயிட்லிஸ்ட்டைப் பற்றி. இ கல்லூரியின் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தை இணையத்தில் எடுத்து C2 பகுதியைப் பாருங்கள். எத்தனை பேருக்கு வெயிட்லிஸ்ட் கொடுத்தார்கள், எத்தனை பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்ற மூன்று எண் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுக்குப் பாருங்கள். ஒரு ஆண்டு நூற்றுக்கணக்கில் எடுத்த கல்லூரி அடுத்த ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காமல் விடும். மற்றவர்கள் டெபாசிட் கட்டுவதைப் பொறுத்த விஷயம் அது, உங்கள் மகளின் தகுதி மீதான தீர்ப்பு இல்லை. அவளிடம் இந்த எண்களையே காட்டுங்கள். வெறும் ஆறுதல் வார்த்தையைவிட அது அவளுக்கு உதவும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போர்ட்டலில் காத்திருக்கச் சம்மதம் கொடுத்துவிட்டு, விருப்பம் தொடர்வதாக மகளே ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். அதில் பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக நடந்தது மட்டும் இருக்கட்டும். அப்பா அம்மா போன் செய்ய வேண்டாம். மே 1க்குள் அ அல்லது ஆ, ஒரே ஒரு இடத்தில் டெபாசிட் கட்டுங்கள். இரண்டிலும் கட்டி வைப்பது தெரிந்தால் இரண்டுமே போகலாம். இ கூப்பிட்டால் பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கும், கட்டிய டெபாசிட் பெரும்பாலும் திரும்பாது. இப்போதே இ-யின் எய்டு ஆபீஸிடம் 'வெயிட்லிஸ்ட்டிலிருந்து வருபவர்களுக்கு கிராண்ட் உண்டா' என்று கேட்டு வையுங்கள். முதல் சுற்றில் வருமானம் பார்க்காத கல்லூரிகளில் சில, வெயிட்லிஸ்ட்டுக்கு வரும்போது பார்க்கும். இல்லை என்றால் அந்தப் பெயரை வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம்.

ஹெச்4_கேள்வி

இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் ஹெச்-1பி வேலை விசா, மகன் அதைச் சார்ந்த ஹெச்-4 விசா, இப்போது பதினொன்றாம் வகுப்பு. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

நதியோரம்

ஹெச்-4 பிள்ளைக்கு ஃபெடரல் கிராண்டும் லோனும் கிடையாது. (பிள்ளை இங்கே பிறந்த குடிமகனாக இருந்தால் பெற்றோர் விசா தடையே இல்லை, முழுத் தகுதி உண்டு.) மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் கிடைப்பது மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் போன்ற இடங்களில் ஹெச்-4ஐக் குடியிருப்புக்கு ஏற்பார்கள், அதை ரெசிடென்சி ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். தனியார் கல்லூரிகளில் பல அவனை வெளிநாட்டு மாணவராகவே வகைப்படுத்தும், அப்போது உதவி கேட்பதே சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் 'ஹெச்-4ஐ எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்' என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும் என்பதால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் செமஸ்டரையும் அப்போது ஃபீஸ் மாறுமா என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

எடிசன்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு அப்பீலும் இன்றே அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: முதல் ஆண்டுக்கு என் கணவரின் 401கே-யில் (வேலை வழி ரிடையர்மென்ட் சேமிப்பு) கை வைக்கலாமா?

கணக்குப்புள்ளி

வேண்டாம். வருமான வரி போக, 59½ வயதுக்கு முன் எடுத்தால் பெரும்பாலும் 10 சதவீத அபராதம். படிப்புச் செலவுக்கான அபராத விலக்கு ஐஆர்ஏ-வுக்குத்தான் (தனிநபர் ரிடையர்மென்ட் கணக்கு), 401கே-க்கு இல்லை. அதோடு 2026இல் எடுப்பது வருமானமாகப் பதிவாகி 2028-29 ஃபாஃப்ஸாவில், அதாவது மகளின் மூன்றாம் ஆண்டில், உதவியைக் குறைக்கும்.

அதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள். கல்லூரியின் மாதத் தவணைத் திட்டத்துக்குப் பெரும்பாலும் வட்டி இல்லை, சிறு பதிவுக் கட்டணம்தான். மாணவர் இன்சூரன்ஸைப் பில்லில் தானாகச் சேர்த்திருப்பார்கள், சில ஆயிரம் டாலர் வரும். உங்கள் பாலிசியைக் காட்டி, கெடு தேதிக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் கழித்துவிடுவார்கள். கோப்ரா நடுவில் முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 529 (கல்லூரிச் சேமிப்புக் கணக்கு) இருந்தால் ட்யூஷனில் முதல் 4,000ஐ அதிலிருந்து கட்டாமல் கைப்பணத்திலோ லோனிலோ கட்டுங்கள். அப்படிக் கட்டிய தொகைக்கு, கூட்டுத் தாக்கலில் வருமானம் 1,60,000க்குள் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 2,500 வரை வரிச் சலுகை கிடைக்கும். ஒரு சம்பளம் நின்றுபோன இந்த ஆண்டு நீங்கள் அந்த வரம்புக்குள் வர வாய்ப்பு இருக்கிறது, மகனுக்கும் சேர்த்துப் போடுங்கள்.