பெரியப்பாவின் தலைத்திவசமும் மொகடிசுப் பையன்களும்

குழு: கயத்தாறு வீடு

செவ்வாய், இரவு

செல்வம்: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் தலைத்திவசத்துக்குத் திதி வெள்ளிக்கிழமை. அன்று வீட்டில் கும்பிடுகிறோம். ஆட்கள் வர வசதியாக ஞாயிறு கோயில் மண்டபத்தில் 250 பேருக்குச் சாப்பாடு. வீட்டுக்கு 5,000 ரூபாய். வியாழனுக்குள் அனுப்பிவிடுங்கள், சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

கோமதி அத்தை: திதி அன்றைக்கே சாப்பாடு போடுவதுதான் முறை.

செல்வம்: வெள்ளிக்கிழமை யாருக்கும் லீவு இல்லை அத்தை.

கோமதி அத்தை: என் அண்ணனுக்காக ஒரு நாள் லீவு போட முடியாதா?

ராஜேந்திரன் மாமா: சமையல் யார்? பதினாறாம் நாளுக்கு வந்தவர் என்றால் எனக்கு இலை போட வேண்டாம்.

செல்வம்: வேறு ஆள் மாமா.

மணிகண்டன்: அண்ணா, என் பங்கை அனுப்பிவிட்டேன். ஒரு வேண்டுகோள். சேருகிற பணத்தில் 10,000 ரூபாயை இங்கே மொகடிசுவில் செலவழிக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பெரியப்பா 1993-94இல் ஐ.நா. அமைதிப்படைக்காகச் சோமாலியா வந்த இந்தியப் படைப்பிரிவில் இருந்தவர். முகாம் பைதோவாவில். நான் வேலை பார்க்கும் இடத்தின் வாசலில் கார் கழுவுகிற பையன்களில் பாதிப் பேர் அந்தப் பைதோவாப் பக்கத்துப் பிள்ளைகள். எட்டு வயது, பத்து வயது இருக்கும். இரவில் எதிரே பூட்டிய கடைகளின் படியில் அட்டையை விரித்துப் படுக்கிறார்கள். பெரியப்பா பெயரில் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு போட வேண்டும் என்பது என் ஆசை.

சரோஜா: தம்பி, நீ வாசலுக்குப் போகிறாயா? வெளியே போக மாட்டேன் என்று சொன்னாயே.

மணிகண்டன்: போகவில்லை அம்மா. மாடியிலிருந்து தெரியும்.

சரோஜா: போகாதே.

பிரபு: நல்ல யோசனை அத்தான்.

கோமதி அத்தை: உன் கப்பலை மறிக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே பிரபு? நீ ஏடன் வளைகுடாவைத் தாண்டும்வரை நான் சோறு தின்பதில்லை. உனக்கு நல்ல யோசனையா?

பிரபு: அம்மா, கொள்ளையர்கள் வேறு. படகும் துப்பாக்கியும் வாங்கிக் கொடுக்கிற முதலாளிகள் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் நம் கடற்படை 35 பேரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்ததே, அந்தக் கூட்டம். கார் கழுவுகிற பத்து வயதுப் பையனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கோமதி அத்தை: எனக்குத் தெரியாது. எனக்குப் பயம்.

செல்வம்: நம் ஊரில் ஏழைகள் இல்லையா மணி? கயத்தாறு பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்கள் உன் கண்ணுக்குத் தெரிந்ததில்லையா?

மணிகண்டன்: இருக்கிறார்கள் அண்ணா, மறுக்கவில்லை. அவர்களுக்கு ஞாயிறு சாப்பாடு உண்டு. ரேஷன் கடை உண்டு, சத்துணவு உண்டு. இங்கே 1991இல் அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது அப்பா அம்மாவாகிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குச் சோறு போடுவது தன் கடமை என்று ஏற்றுக்கொள்ள இங்கே ஓர் அலுவலகம் கிடையாது.

ராஜேந்திரன் மாமா: சோமாலியா என்று படிவத்தில் எழுதினாலே வங்கியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். முப்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பின்னால் விசாரணை வந்தால் யார் பதில் சொல்வது?

மணிகண்டன்: அனுப்பவே வேண்டாம் மாமா. அம்மா கணக்கில் போடுங்கள். எனக்கு இங்கே சம்பளம் டாலரில் வருகிறது, அதிலிருந்து கொடுத்துக்கொள்கிறேன்.

செல்வம்: அப்படியென்றால் உன் பணத்திலேயே கொடுக்கலாமே. திவசப் பணத்தில் ஏன் கை வைக்கிறாய்?

கவிதா: அண்ணா.

செல்வம்: கேட்கக் கூடாதா? கிணற்றுப் பங்கிலும் இப்படித்தான், முடிவு செய்துவிட்டுச் சொன்னான்.

சரோஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜேந்திரன் மாமா: கிணற்றை இங்கே இழுக்க வேண்டாம்.

புதன், காலை

கவிதா: மணி, ஒன்று கேட்கிறேன். இத்தனை பிள்ளைகள் தெருவுக்கு எப்படி வந்தார்கள்? அப்பா அம்மா எங்கே?

மணிகண்டன்: பலருக்கு அம்மா இருக்கிறார் அக்கா. 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவம் மழை பொய்த்தது. ஆடும் ஒட்டகமும் செத்தன. 2022இல் மட்டும் வறட்சியால் கூடுதலாக இறந்தவர்கள் 43,000 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள், அதில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிழைத்தவர்கள் நடந்து வந்து இந்த நகரத்தின் ஓரத்தில் கஹ்தா, தைனிலே பகுதிகளில் குச்சியையும் துணியையும் வைத்துக் குடிசை போட்டார்கள். முகாமுக்கு ஓர் ஆள் இருப்பார். வருகிற உதவியில் அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு விலை படிந்தால் குடிசைகளை இடித்துவிடுவார். 2017 டிசம்பர் கடைசியில் கஹ்தாவில் 4,000 குடும்பங்களுக்கு மேல் இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். அந்த அம்மா வீடு வீடாகத் துணி துவைக்கப் போவாள். மூத்த பையன் தூரிகையும் பாலிஷும் எடுத்துக்கொண்டு பக்காரா சந்தைக்கு வருவான். திரும்ப பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு இரவு சந்தையில் தங்குவான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு அடுத்த இரவும் தங்குவான். அப்புறம் அம்மா வேறு முகாமுக்குப் போய்விடுவாள், அவனுக்கு இடம் தெரியாது.

கவிதா: கடவுளே.

பிரபு: பசை முகர்கிறார்கள் என்று கப்பலில் ஒருவர் சொன்னாரே?

மணிகண்டன்: உண்மைதான். செருப்பு ஒட்டுகிற பசை. முகர்ந்தால் பசி தெரியாது, இரவில் பயமும் தெரியாது. இங்குள்ளவர்களும் அதைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போதாததற்கு ‘இயால் வேரோ’ என்று கத்தியோடு திரிந்து செல்பேசி பறிக்கிற இளைஞர் கும்பல்கள் கிளம்பின. அதிலிருந்து தெருவில் படுக்கிற சின்னப் பையனையும் திருடன் என்றே பார்க்கிறார்கள். இரவில் போலீஸ் மொத்தமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு போகிறது. அல்-ஷபாப் ஆயுதக் குழு ஆள் தேடுவதும் கேட்க நாதியில்லாத பிள்ளைகளைத்தான்.

ராஜேந்திரன் மாமா: அவர்கள் மதத்தில் தர்மம் கட்டாயம் அல்லவா? உள்ளூரில் யாரும் கொடுப்பதில்லையா?

மணிகண்டன்: கொடுக்கிறார்கள் மாமா, நிறையவே கொடுக்கிறார்கள். எங்கள் ஸ்டோர் கீப்பரின் குலத்தில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மினியாபொலிஸ், லண்டன், நைரோபி என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே இரவில் பணம் சேர்ந்தது. இதே மாதிரி குழுதான், சண்டையும் இதே மாதிரிதானாம். ஆனால் எல்லாம் குலத்துக்குள். தெருப் பையன்களில் பலர் பாய், பகூல் மாகாணங்களின் ரஹன்வெயின் குலப் பிள்ளைகள், இல்லையென்றால் பாண்டு என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள். இந்த நகரத்தில் அவர்களுக்காகப் பேசப் பெரிய குலம் இல்லை. பையனை அடித்தாலும் கேட்க ஆள் வராது என்று அடிக்கிறவனுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே டீக்குடிக்கக்கூடச் செல்பேசியில்தான் பணம் கட்டுகிறார்கள். யார் பையிலும் நோட்டு இல்லை. செல்பேசி இல்லாத பையன் கையை நீட்டினால், கொடுக்க மனமுள்ளவனிடமும் கொடுக்க எதுவும் இல்லை.

கவிதா: இதை நான் யோசித்ததே இல்லை.

செல்வம்: சமையல்காரர் எண்ணிக்கை கேட்கிறார். 250 சொல்லிவிடட்டுமா?

கோமதி அத்தை: வெள்ளியா ஞாயிறா?

செல்வம்: ஞாயிறு அத்தை. மண்டபத்துக்கு ரசீது போட்டாயிற்று.

கோமதி அத்தை: செய்யுங்கள். நான் சொல்லி என்ன நடக்கப்போகிறது.

பிரபு: அத்தான், இரண்டு படம் அனுப்புங்கள். எங்கள் கப்பல் குழுவில் போட்டால் பத்துப் பேராவது பணம் தருவார்கள்.

மணிகண்டன்: படம் வேண்டாம் பிரபு. பசை டப்பாவோடு இருக்கிற முகம் ஊர் ஊராகச் சுற்றினால் நாளைக்கு அவன் அம்மா கண்ணில்கூடப் படும். பெயரும் சொல்ல மாட்டேன்.

பிரபு: சரி அத்தான்.

ராஜேந்திரன் மாமா: யார் கையில் கொடுப்பாய்? அதைச் சொல்.

மணிகண்டன்: வாசலுக்கு எதிரே ஓர் அம்மா தினமும் டீயும் கஞ்சேரோவும் விற்கிறார். கஞ்சேரோ நம் ஊத்தப்பம் மாதிரி இருக்கும். அவருக்கே ஐந்து பிள்ளைகள். விற்று மிஞ்சியதை இந்தப் பையன்களுக்குத்தான் கொடுக்கிறார், மிஞ்சாத நாளில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. முன்பணமாக அவரிடம் கொடுத்துவிட்டால் மிச்சத்துக்குக் காத்திருக்காமல் முதல் ஈட்டிலேயே சாப்பிடுவார்கள். ஸ்டோர் கீப்பர் வாரா வாரம் கணக்குப் பார்ப்பார். பையன்கள் கையில் காசாகக் கொடுக்கக் கூடாது. பெரிய பையன்கள் பிடுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் பசைக்குப் போய்விடும்.

செல்வம்: இதற்கென்று அமைப்பே இல்லையா அங்கே?

மணிகண்டன்: இருக்கிறது அண்ணா. எல்மான் அலி அகமது என்று ஒரு பொறியாளர் இருந்தார். சண்டை உச்சத்தில் இருந்தபோது பையன்களிடம் ‘துப்பாக்கியைப் போடு, பேனாவை எடு’ என்று சொல்லி மின்வேலையும் வண்டி பழுதுபார்ப்பதும் கற்றுக்கொடுத்தார். 1996 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவி ஃபர்தூன் அதான் கனடாவிலிருந்து திரும்பி வந்து அதே வேலையை நடத்துகிறார், மகள் இல்வாத் எல்மானும் உடன் நிற்கிறார். இன்னொரு மகள் அல்மாஸ் 2019இல் இதே ஊரில் குண்டு பாய்ந்து இறந்தார். அப்போதும் அவர்கள் விட்டுப் போகவில்லை. அவர்களைப் போல நூறு பேர் வேண்டிய ஊர் இது. 2015இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்த அரசும் ஏற்றுக்கொண்டது. படியில் படுக்கிறவனுக்கு அதனால் ஒரு பாய்கூட வரவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது அண்ணா, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

சரோஜா: தம்பி, ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

மணிகண்டன்: வீட்டுக் கடன் முடியும்போது அம்மா.

புதன், இரவு

கவிதா: அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

கவிதா: “பைதோவாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் கிணறு வெட்டியது, வெயில், வயிற்றுவலி இவைதான் இருக்கும். ஒரே ஒரு கடிதத்தில், வேலிக்கு வெளியே பிள்ளைகள் தகர டப்பாவோடு நிற்கிறார்கள், சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை என்று எழுதினார். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் மட்டும் வீட்டில் ஒருவரையும் விட மாட்டார். மணி கேட்டதைக் கொடுங்கள். பணம் போதவில்லை என்றால் என் ஓய்வூதியத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.”

செல்வம்: ஐந்தாம் வகுப்பில் பருப்புச் சோற்றைக் கொட்டியதற்கு நான் வாங்கிய அடி இதற்குத்தானா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

லட்சுமி பெரியம்மா: யாரிடமும் சொல்லவில்லை

செல்வம்: அம்மாவின் ஓய்வூதியத்தைத் தொட வேண்டாம். மணி, சித்தி கணக்கில் 10,000 போடுகிறேன். எவ்வளவு கொடுத்தாய் என்பதை மட்டும் மாதாமாதம் இங்கே எழுது.

மணிகண்டன்: நன்றி அண்ணா. கட்டாயம்.

ராஜேந்திரன் மாமா: மாதாமாதமா? ஒரு முறை என்றுதானே பேச்சு?

மணிகண்டன்: மாமா, திவசத்தோடு நிறுத்தினால் அந்த அம்மா பையன்களிடம் என்ன சொல்வார்? சாப்பாடு நிச்சயம் என்று தெரிந்தால்தான் ஒரே இடத்துக்கு வருவார்கள். வந்தால்தான் பள்ளிவாசல் இளைஞர்கள் பேச்சுக் கொடுத்து எந்த முகாம், அம்மா யார் என்று விசாரிக்க முடியும். போன ரமலானில் ஒருவனை அப்படித்தான் அம்மாவிடம் சேர்த்தார்கள்.

கவிதா: நான் மாதம் 500 தருகிறேன்.

பிரபு: நானும். கப்பல் ஏறியதும்.

கோமதி அத்தை: நீ முதலில் பத்திரமாகக் கரை சேர்.

ராஜேந்திரன் மாமா: நான் முடியாது என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் என்றால் யோசிக்க வேண்டும். செல்வம், வங்கியில் குறிப்பு எழுதும்போது சோமாலியா என்று போட்டுவிடாதே.

செல்வம்: ஞாயிறு நேரில் பேசலாம் மாமா. இப்போது சமையல்காரர் கேட்கிறார்.

கவிதா: 220 சொல்லுங்கள் அண்ணா. பதினாறாம் நாளில் முப்பது இலை மிச்சம்.

செல்வம்: சொந்தக்காரர்கள் வந்து சோறு இல்லை என்றால்?

ராஜேந்திரன் மாமா: 220 போதும். குறைந்தால் நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்துகொள்கிறேன்.